‘பெதோரிபேரு’ என்பவர் யார்?

டோக்கியோவில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ஜப்பானிய மனைவியோடும் பத்து மாதப் பெண் குழந்தையோடும் சென்னைக்கே திரும்புவது என்று முடிவெடுத்தபோது, விசாவை ஒரு வார வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இந்தியனின் மனைவி, இந்தியனின் மகள், இதில் என்ன சிக்கல் வரப்போகிறது?

முதல் முடிச்சை நானே போட்டு வைத்திருந்தேன். குழந்தைக்கு ஐந்து மாதமானபோது, பாட்டிக்குக் காட்டிவிட்டு வரலாமென்று அவசர அவசரமாக ஜப்பான் பாஸ்போர்ட் எடுத்தோம். வெளிநாட்டில் பிறந்த குழந்தை இந்தியக் குடியுரிமை பெற, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பதியும்போது, பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தரவேண்டும். இந்த இரண்டாவது வரியை நான் படித்தது பத்தாவது மாதத்தில். எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. மனைவியோ, “தெரிந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்போம்” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, ஆகவே ஏதோ ஒன்றைத்தான் எடுக்க முடியும். நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்பதைவிட, ஒரு விடுமுறைப் பயணம் எங்களுக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டது என்பதே சரி.

அதன்பின் எங்கள் முன் இருந்தவை மூன்று வழிகள். சுற்றுலா இ-விசாவில் ஜப்பானியர் ஒரு முறைக்கு 180 நாள் வரை தொடர்ந்து தங்கலாம். “ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய்வந்துவிடுங்கள்” என்று நண்பர்கள் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடக் கைக்குழந்தையோடு விமானத்தில் போனவர் இல்லை. ஓ.சி.ஐ., அதாவது ‘இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்’ என்னும் அட்டைதான் நிரந்தர வழி. ஆனால் மனைவி என்ற தகுதியில் அதைக் கேட்க, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். எங்களுக்கு இருபது மாதம்தான் ஆகியிருந்தது. மைனர் குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். பத்து மாதப் பிள்ளைக்கு அன்றைக்கே தகுதி, பெற்றவளுக்கு இன்னும் நான்கு மாதம்!

புது வேலையில் சேரும் தேதி காத்திருக்காது. எனவே இருவருக்கும் எக்ஸ் எனப்படும் நுழைவு விசாவுக்கு விண்ணப்பித்தோம். அதில் மனைவி இங்கே வேலைக்குப் போக முடியாது. குழந்தையின் முதல் வருடங்களில் அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆவணங்களில்தான் அப்பா வந்து சேர்ந்தார். ஜப்பானில் பிறப்பு, திருமணம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கோசெகி என்னும் குடும்பப் பதிவேடு. வெளிநாட்டுக்காரனுக்குத் தனிப் பதிவேடு கிடையாது, மனைவியின் பதிவேட்டில் குறிப்பாக மட்டும் இடம்பெறுவான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர், வெற்றிவேல். நம் ஊரில் ‘வெ.’ என்று ஓர் எழுத்தாகப் பெயருக்கு முன்னால் அடங்கி நிற்பவர், அங்கே என் பெயரையே பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அதுவும் வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் கதகானா எழுத்தில். ஜப்பானிய மொழியில் ‘ல்’ என்ற ஒலியும் இல்லை, மெய்யெழுத்தில் சொல் முடிவதும் அரிது. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றியபோது வெற்றிவேல் ‘பெதோரிபேரு’ ஆகியிருந்தார்.

விண்ணப்பம் கொடுத்த இடத்தில் சரிபார்த்தவர் என் பாஸ்போர்ட்டையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். பென்சில் நின்றது. “பெதோரிபேரு என்பவர் யார்?”

“என் அப்பா” என்றேன். அது உண்மை, ஆனால் உதவாத உண்மை. படிவப்படி குழந்தையின் தந்தை நானல்லவா! வீட்டுக்கு வந்து, பெயர்களை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லி மொழிபெயர்ப்பை மறுபடி வாங்கினேன். பதிவேடு உண்மையானது என்று வெளிநாடுகளுக்கு உறுதிசொல்லும் அப்போஸ்டில் சான்றை ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் கட்டணமே இல்லாமல் போட்டுத் தந்தது. இதே பாதையில் போகும் தமிழர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு கண்டிப்பான ஆலோசனை உண்டு: திருமணப் பதிவுக்குப் போகும் முன்பே, பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு திருத்துவது இரட்டிப்பு வேலை.

சென்னை வந்து இறங்கியதும் இன்னொன்று. வெளிநாட்டவர் தங்கும் வீட்டின் உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. வீடு அப்பாவுடையது. தங்குமிடத்தின் வகை என்ன என்ற கேள்வியைப் படித்துவிட்டு, “மருமகளை வைத்து லாட்ஜா நடத்துகிறோம்?” என்று கேட்டார். 180 நாளுக்கு மேல் தங்குவதால் மனைவி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் பதிய வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

இரண்டு ஆண்டு நிறைந்ததும் ஓ.சி.ஐ.க்கு இருவர் கோப்பையும் சேர்த்தே கொடுத்தோம். தலைக்கு 15,000 ரூபாய். குழந்தையுடையதை டோக்கியோவிலேயே கொடுத்திருக்கலாம், அப்போது சோம்பல்பட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைக்குக் கட்டைவிரல் ரேகை. கட்டமோ உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம். முதல் தாளில் ஐந்து விரலும் விழுந்தன. இரண்டாவதில் கட்டைவிரல் வழுக்கி ஒரு வால்நட்சத்திரம். மூன்றாவது தாளை அவள் வாயில் வைத்துவிட்டாள். பிறகு அவள் தூங்கும்வரை காத்திருந்து, மை தொட்டு, ஒரே அழுத்தில் முடித்தோம். நகக்கணுவில் அந்த நீலம் நான்கு நாள் இருந்தது. 51 மில்லிமீட்டர் சதுரப் புகைப்படத்துக்குப் பின்புலம் வெள்ளையாக இருக்கக் கூடாது என்பதால், என் வெளிர்நீல வேட்டித் துண்டு பின்னால் தொங்கியது.

மனைவியின் கோப்பு தாமதமானது. வாழ்க்கைத்துணைக்குப் பாதுகாப்பு ஒப்புதல் வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அந்த இடைவெளியில் அவள் ஒருநாள், “இதில் குடிமகன் என்று இருக்கிறதே, என் ஜப்பான் குடியுரிமை போய்விடுமா?” என்று கேட்டாள். பெயரில்தான் குடியுரிமை. ஓட்டு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. தங்கலாம், வேலை செய்யலாம். மணமுறிவு ஏற்பட்டால் அட்டை ரத்தாகும் என்பதையும் அவளிடம் படித்துக் காட்டினேன். “அப்படியானால் நீ ஒழுங்காக இரு” என்றாள்.

மகளின் அட்டை முதலில் வந்தது. அவளுடைய ஜப்பான் பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு முறையும் புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கைபேசி நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன், தலைப்பு: பெதோரிபேருவின் பேத்தி.