போட்டிக்குப் போனால் படிப்பு கெடுமா? அரசுப் பள்ளியில் படித்த ஒருத்தியின் அனுபவம்

ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் யாராவது ஓர் அம்மா என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்: "இந்தப் பரீட்சை, அந்தப் போட்டின்னு பிள்ளைய அனுப்பினா பாடம் விட்டுப் போயிடாதாம்மா?" நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு மணி நேரம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். வாசலில் நின்றபடி அந்த அம்மாக்களிடம் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கண்டது இதுதான். வருடத்துக்கு ஒரு தேர்வு, ஒரு போட்டி. அதற்கு மேல் வேண்டாம். ஆனால் எடுத்ததை முழுசாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பாடம் கெடாது. எனக்குப் பாடமே அப்படித்தான் பிடிபட்டது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு தேர்வு என்எம்எம்எஸ். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்பது முழுப் பெயர். 2008இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். நான் எழுதிய 2012-13இல் மாதம் 500 ரூபாய் கிடைத்தது. 2017 முதல் மாதம் 1,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 12,000. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி பன்னிரண்டு முடியும் வரை நான்கு வருடம் வரும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு இதில் 5 சதவீதம் தளர்வு உண்டு.

தேர்வு இரண்டு பகுதி. முதலாவது மனத்திறன், 90 கேள்வி, 90 நிமிடம். இரண்டாவது படிப்பறிவு, அதுவும் 90 கேள்வி, 90 நிமிடம். இரண்டாவதை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை வரி விடாமல் வாசித்திருந்தால் போதும். பெட்டிச் செய்தியையும் படத்துக்குக் கீழே இருக்கும் வரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் பகுதிதான் நம் பிள்ளைகளுக்குப் புதுசு. அது பாடப் புத்தகத்தில் இல்லை. பயிற்சியின் முதல் நாள் டீச்சர் கரும்பலகையில் 3, 8, 15, 24 என்று எழுதி அடுத்தது என்ன என்று கேட்டபோது வகுப்பே முழித்தது. பிறகு அவரே ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு வளைவு போட்டு 5, 7, 9 என்று எழுதினார். எழுதி முடிக்கும் முன்பே பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி "35 டீச்சர்" என்றாள். அவள் அதுவரை கணக்குப் பாடத்தில் வாயே திறந்ததில்லை. பத்து நாளில் எண் தொடர், எழுத்துக் குறியீடு, கண்ணாடி பிம்பம், திசை, உறவுமுறை என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு வழி இருப்பது பிடிபட்டுவிட்டது. கண்ணாடி பிம்பம் வராதவர்கள் வீட்டில் நிலைக்கண்ணாடி முன் கடிகாரத்தையும் பெயர் எழுதிய தாளையும் காட்டிப் பழகுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

நான் இழந்தது கேள்வியில் அல்ல, நேரத்தில். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டேன். ஓஎம்ஆர் என்ற விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக நிரப்ப ஆகும் நேரத்தை யோசிக்கவே இல்லை. ஒரு வட்டத்துக்குப் பத்து விநாடி என்றாலும் 90 வட்டத்துக்குக் கால் மணி நேரம் போய்விடும். முதல் மாதிரித் தேர்வில் கடைசி 14 கேள்வியை நான் வாசிக்கக்கூட இல்லை. அதனால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடம், வினாத்தாளைப் பார்த்துப் பழகுவது பாதிதான், ஓஎம்ஆர் தாளின் நகலில் நிரப்பியும் பழக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எனவே ஒரு வட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். கேள்வி ஒன்றைத் தாண்டிப் போனால் வரிசை எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை நிரப்புங்கள். ஒரு வரி தள்ளி நிரப்பியதால் நன்றாகப் படித்த பிள்ளை கோட்டைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பகுதியும் சேர்த்து 40 சதவீதம், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 32 சதவீதம் என்பது தகுதி மதிப்பெண் மட்டும்தான். தமிழ்நாட்டுக்கு மொத்தம் 6,695 இடம். தகுதி பெறுவோர் அதைவிட அதிகம் என்பதால் 180க்கு 72 எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், இதை அப்பா அம்மா கட்டாயம் வாசிக்க வேண்டும். என்னோடு படித்த ஒருத்தி என்னைவிட நன்றாகப் படிப்பவள். அவள் அப்பா வெளியூரில் வேலை. வருமானச் சான்று கைக்கு வந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தேர்வன்று நாங்கள் வேனில் ஏறும்போது அவள் பள்ளி வாசலில் நின்று கையசைத்தாள். இன்றைக்கும் அந்த முகம் என் கண்ணில் இருக்கிறது. அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் பள்ளி திறந்த மாதமே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஒரு வருடம் அது செல்லும்.

தேர்வானதோடும் வேலை முடியாது. ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றில் பணம் தொடரும், இதிலும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. பள்ளி மாறிப் போன பிள்ளைகள் பலர் இந்தப் புதுப்பித்தலைத் தவறவிட்டுத்தான் கைக்கு வந்த பணத்தை இழக்கிறார்கள்.

சரி, போட்டிக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நானும் என் தோழியும் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போனோம். கடையில் வாங்கிய தெர்மாகோலில் எரிமலை செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அறிவியல் டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க வீட்டுல என்ன செய்யுறாங்களோ அதுல இருந்து ஒரு கேள்வி கொண்டா" என்றார். எங்கள் அப்பாயி ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உள்பக்கம் தேற்றான்கொட்டையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கி நீர் தெளியும். தேற்றான்கொட்டை, முருங்கை விதை, படிகாரம் மூன்றில் எது நன்றாகத் தெளிய வைக்கிறது? இதுதான் எங்கள் கேள்வி.

அளப்பதற்குக் கருவி இல்லை. கண்ணாடி டம்ளரைச் செய்தித்தாள் எழுத்தின் மேல் வைத்து, மேலிருந்து பார்த்தபடி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவோம். எழுத்து கண்ணுக்கு மறையும் இடத்தில் நிறுத்தி, நீரின் உயரத்தை ஸ்கேலால் அளப்போம். கலங்கல் நீரில் மூன்று சென்டிமீட்டரிலேயே எழுத்து மறைந்தது. முருங்கை விதைப் பொடி போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்பது வரை எழுத்து தெரிந்தது. நாங்கள் குதித்துவிட்டோம். களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை, முருங்கை விதையில் இருக்கும் புரதத்துக்கு நேர்மின்சுமை, அதனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் படிகின்றன என்று டீச்சர் விளக்கினார். கூழ்மம், தொங்கல் என்று பாடத்தில் வரும்போது மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அந்த டம்ளர்தான் கண்முன் வந்தது.

கண்காட்சியில் நடுவர் ஒருவர் எங்கள் அட்டவணையைப் பொறுமையாக வாசித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எதையுமே போடாம ஒரு மணி நேரம் சும்மா வச்சிருந்தா எவ்வளவு தெளிஞ்சிருக்கும்?" எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் அதைச் செய்து பார்க்கவே இல்லை. அடுத்த கட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. மறுநாள் வீட்டில் அதைச் செய்து பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர் ஐந்தாகியிருந்தது. விதையின் வேலை என்று நாங்கள் எழுதி வைத்திருந்ததில் ஒரு பங்கு, தானாகவே படிந்த மண். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட தெளிவை எந்தப் பரிசோடும் ஒப்பிட மாட்டேன். பிறகு கல்லூரி ஆய்வகத்தில் ஒப்பீட்டு மாதிரி ஏன் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டபோது நான் யோசிக்காமல் கையைத் தூக்கினேன்.

ஆகவே அறிவியல் போட்டிக்குப் போகும் பிள்ளைகளே, முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், என்ன செய்தோம், என்ன தவறியது எல்லாம் அதில் இருக்கட்டும். அடித்துத் திருத்தியதைக் கிழித்துவிட்டு அழகாகத் திரும்ப எழுதாதீர்கள், அடித்தலைப் பார்த்துத்தான் நடுவர் உங்களை நம்புவார். 1993 முதல் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் இதே முறைதான் வேண்டும். அங்கே 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம், தமிழிலேயே ஆய்வை எழுதலாம். பள்ளி மாணவர்களின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி வழியாக யோசனை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். அங்கே கேட்பது யோசனைதான். வீட்டில், வயலில், பள்ளியில் நீங்கள் பார்த்த ஒரு சிரமத்திலிருந்து தொடங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புற மாணவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியருக்கு உதவித்தொகை. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 2022இல் தொடங்கியது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம். பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பொதுத்தேர்வு முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இந்தத் தேர்வுக்கு அதுதான் பாடம். விளையாட்டில் இருப்பவர்கள் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனியாக 500 இடம் இருப்பதைத் தெரிந்து வைத்திருங்கள். பாட்டு, நடனம், நாடகம் என்றால் கலைத் திருவிழா பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கும் அதே நான்கு பிள்ளைகள், ஓவியத்துக்கும் அதே நான்கு பேர், கண்காட்சிக்கும் அவர்களே. பரிசு நிச்சயம் என்பதால் அனுப்புகிறார்கள், புரிகிறது. ஆனால் அந்த நான்கு பேர்தான் பாடத்தைத் தவறவிட்டுத் திணறுகிறார்கள். மீதிப் பிள்ளைகள் ஒரு முறைகூட மாவட்டத் தலைநகர் மேடையைப் பார்க்காமலே பள்ளியை முடிக்கிறார்கள். "35 டீச்சர்" என்றாளே ஒருத்தி, அவள் பெயரை யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதியதில்லை. என்எம்எம்எஸ்ஸில் எங்கள் பள்ளியில் அதிக மதிப்பெண் அவளுடையது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை உண்டு. கோகோ அணியில் இருந்த என் தோழி வெளி மாவட்டத்தில் ஆடத் தேர்வானபோது அவள் அப்பா, "ராத்திரி தங்கணுமா டீச்சர்? அப்ப வேணாம்" என்று முடித்துவிட்டார். டீச்சர் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "அண்ணே, நானும் கூடப் போறேன். அவ பாய்க்குப் பக்கத்துல என் பாய். ராத்திரி எட்டு மணிக்கு நானே உங்களுக்குப் போன் பண்றேன்" என்றார். அப்பா அனுப்பி வைத்தார். பெற்றோரே, வேண்டாம் என்று சொல்லும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எங்கே தங்குகிறார்கள், எந்தப் பெண் ஆசிரியர் உடன் போகிறார், அவர் போன் நம்பர் என்ன. மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அனுப்புங்கள்.

பத்தாம் வகுப்பில் மட்டும் நான் அரையாண்டுக்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. அதுவரை, போட்டிக்குப் போன நாளின் பாடத்தை அன்று இரவே தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவேன். மறுநாளைக்கு என்று தள்ளினால் அது வாரக்கணக்கில் சேர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, இந்த வாரமே செய்துவிடுங்கள். பிள்ளையின் ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், பள்ளியில் மாணவர் விவரம் ஏற்றியிருக்கும் எமிஸ் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் இருக்கவே இருக்காது. உதவித்தொகை நிற்பது பெரும்பாலும் அந்த ஒற்றை எழுத்தில்தான். இப்போதே திருத்தக் கொடுத்துவிட்டால் விண்ணப்பத் தேதிக்குள் சரியாகிவிடும்.