பதவி போன பிறகு அப்பாரு

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் பள்ளி நினைவுகளை எழுதச் சொன்னார்கள். ஆசிரியர்களைப் பற்றியும் ஆண்டு விழாக்களைப் பற்றியும் மற்றவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் என் அப்பாரைப் பற்றி, அதாவது அப்பாவுடைய அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். நம் வகுப்பில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்துச் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தவர்கள் உங்களில் நிறையப் பேர். ஆனால் நீங்கள் பார்த்ததும் சரி, நான் பார்த்ததும் சரி, பதவி போன பிறகு இருந்த அப்பாரைத்தான். அவர் ஒன்றியச் சேர்மனாக இருந்த காலத்தைப் பற்றிப் பேச ஊரில் இன்னும் ஆளுண்டு. அதற்குப் பிந்தைய இருபத்தைந்து வருசத்தைப் பற்றிப் பேச என்னைப் போன்ற பேரப்பிள்ளைகள்தான் இருக்கிறோம்.

1958-இல் வந்த பஞ்சாயத்துச் சட்டத்தால் ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது அப்பாரு அதற்குள் போனவர். 1970-இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு 1986 வரை உள்ளாட்சித் தேர்தலே கிடையாது. நடுவில், எழுபதுகளிலேயே, ஒன்றியக் குழுக்களைக் கலைத்துவிட்டார்கள். அத்தோடு அவர் சேர்மன் பதவியும் முடிந்தது. 1986-இல் திரும்ப நிற்கச் சொல்லி வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, "சின்னப் பசங்க வரட்டும்ப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பத்தாவுக்கு அதில் வருத்தம். முன்பெல்லாம் மாரியம்மன் நோம்பிக்கு வாசல் கொள்ளாத ஒறம்பரையும் (சொந்தக்காரர்கள்) கட்சிக்காரர்களும் வருவார்கள், ஜீப்புகள் புளியமரம் வரைக்கும் நிற்கும் என்று சொல்லுவார். நான் விவரம் தெரிந்து பார்த்த நோம்பிகளில் ஒறம்பரை மட்டும்தான் வந்தது. பதவியில் இருந்த ஒருவருடைய வீட்டில் வாழ்ந்த பெண்களுக்கு அந்த மாற்றம் எவ்வளவு வலிக்கும் என்பதை யாரும் எழுதுவதில்லை. அப்பத்தா அதைக் கடைசிவரை மனசில் வைத்திருந்தார்.

அப்பாரு தன்னைப் பற்றி அதிகம் பேச மாட்டார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சி.எஸ். என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் சி. சுப்பிரமணியத்தில் வந்து நிற்கும். அவர் பிறந்த செங்குட்டைப்பாளையம் எங்களுக்கு அக்கம்பக்கத்து ஊர்தான். ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, அப்புறம் சட்டம் படித்து, கோயமுத்தூரில் வக்கீலாகி, 1942-இல் சிறைக்குப் போய், அரசியல் நிர்ணய சபையிலும் உட்கார்ந்து, 1952 முதல் பத்து வருசம் மாநில மந்திரியாக இருந்தார் என்பதை அப்பாரு எங்களுக்குக் கதை மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லுவார். சி.எஸ். கல்வி மந்திரியாக இருந்த காலத்தில்தான், காமராசர் ஆட்சியில், 1956-இல் மதிய உணவு ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அரசாங்கத்தை மட்டும் நம்பாமல் ஊர்க்காரர்களே பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, சிலேட்டு என்று பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. அப்பாரு வீடு வீடாகப் போய்க் கம்பும் சோளமும் கேட்டு வாங்கிச் சோற்றுக்குச் சேர்த்தவர்களில் ஒருவர். "கேக்கறதுக்கு வெக்கப்பட்டா பள்ளிக்கூடம் நடக்குமா அம்மிணி" என்பார்.

1964-இல் சி.எஸ். மத்திய உணவு, வேளாண் மந்திரி ஆனார். அடுத்த இரண்டு வருசமும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷனில் கோதுமை என்கிற நிலை. பல எதிர்ப்புகளுக்கு நடுவில் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்தார்கள். டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியைக் கொத்திவிட்டு அதிலேயே சி.எஸ். அந்தக் கோதுமையை விதைத்தார். இதைச் சொல்லும்போது அப்பாரு திண்ணையை விட்டு எழுந்து வாசலில் நின்று, பங்களா எங்கே, புல்வெளி எங்கே, பாத்தி எந்தப் பக்கமாக ஓடியிருக்கும் என்று கையால் கோடு போட்டுக் காட்டுவார். டெல்லிக்கு அவர் போனதே இல்லை. ஆனாலும் ஒரு மந்திரி தன் வீட்டு வாசலைக் காடாக்கியது அவருக்கு அப்படிப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் காட்டிலும் ஒட்டுச் சோளம் போட்டார்கள். ருசி நாட்டுச் சோளத்துக்குக் காணாது என்று அப்பத்தா முகம் சுளித்ததாகவும், விளைச்சலைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொல்லுவார்கள்.

அடுத்து வந்தது 1967 தேர்தல். கோபிச்செட்டிபாளையத்தில் நின்ற சி.எஸ். தோற்றுப்போனார். காமராசரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது. மறு வருசம், 1968-இல், கோதுமை அறுவடை அதுவரை காணாத அளவுக்கு வந்தது. வட இந்தியாவில் மூட்டை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டு அங்கே அடுக்கினார்கள். விதைத்தவர் அப்போது மந்திரி இல்லை. அப்பாரு என்னிடம் சொல்லிக்கொடுத்ததிலேயே பெரியது இதுதான். "நாம போடற வெதை நாம நாற்காலியில இருக்கறப்பவே மொளைக்கோணும்னு நெனைச்சா ஒண்ணும் செய்ய முடியாது கண்ணு." தன் பதவி போனதை அவர் எப்படித் தாங்கினார் என்று நான் யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1967-ம் 1968-ம் தான் நினைவுக்கு வரும்.

அவருக்குத் தலைவர்மேல் குருட்டு பக்தி இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் நெருக்கடி நிலையைப் பற்றிப் படித்துவிட்டு வந்து கேட்டேன். நெருக்கடி நிலை வந்தபோது சி.எஸ். நிதி மந்திரி. நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போன நீங்கள் எழுபத்தைந்தில் என்ன செய்தீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். "தப்பு அம்மிணி. நாங்க எல்லாரும் வாயை மூடிட்டு இருந்தது அதைவிடத் தப்பு." அவ்வளவுதான். அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. காங்கிரஸ் கட்சி 1969-இல் உடைந்தபோது காமராசர் ஒரு பக்கம், சி.எஸ். ஒரு பக்கம். அப்பாரு இரண்டு பேர் படத்தையும் ஒரே சுவரில் மாட்டி வைத்திருந்தார், கடைசிவரை எதையும் கழற்றவில்லை.

வீட்டுக்குள்ளும் ஓர் உடைப்பு இருந்தது. என் அப்பா 1965-இல் கல்லூரி மாணவர், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியவர். அப்பாரோ காங்கிரஸ்காரர். ஒரே வீட்டில் இருவரும் பேச்சு வார்த்தையே இல்லாமல் இருந்தார்களாம். அப்பத்தா இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டிருக்கிறார். அந்த பிப்ரவரி 11-ஆம் தேதி, சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும் மொழிப் பிரச்சினைக்காக மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். மறுநாள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்பா வீடு திரும்பாமல் இருந்த அந்த இரவு முழுக்க அப்பாரு கைவிளக்கோடு ரோட்டிலேயே நின்றிருக்கிறார். விடியும்போது வந்து சேர்ந்த மகனிடம், "உங்க பக்கம் நியாயம் இருக்குதுன்னு சி.எஸ்.ஸே சொல்லிப் போட்டாரு. வா, சாப்புடு" என்றாராம். ராஜினாமாக்கள் பிறகு ஏற்கப்படவில்லை, இருவரும் மந்திரிகளாகவே தொடர்ந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்த ராஜினாமா வேலை செய்துவிட்டது. அப்பா ஓட்டுப் போட்டது கடைசிவரை வேறு சின்னத்துக்குத்தான். அப்பாரு அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை. இதை அப்பாதான் எனக்குச் சொன்னார், அப்பாரு போன பிறகு.

இனி நான் கண்ணால் பார்த்தது. வெடியால ஆறு மணிக்கெல்லாம் திண்ணையில் ஆள் வந்துவிடும். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு, மடையை மேலே இருக்கிறவர் அடைத்துவிட்டார், இப்படி. அதிகாரம் ஒன்றும் இல்லாத மனிதரிடம் ஏன் வருகிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இருந்தது. எந்தக் காரியத்துக்கு எந்த ஆபீஸ், எந்த மேசை, என்ன காகிதம் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த அறிவை யாரும் அவரிடமிருந்து கலைக்க முடியாதே. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதும் வேலை எனக்கு வந்தது. முழுத்தாளை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்து, இடது பக்கம் ஓரம் விட்டு, அடியில் கார்பன் வைத்து எழுத வேண்டும். முதலில் சர்வே எண், தேதி, அளவு. கெஞ்சுவதும் கூடாது, திட்டுவதும் கூடாது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுவார். பதிவுத் தபாலில் போன மனுக்களின் ஒப்புதல் அட்டைகள் திரும்பி வந்ததும், சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை வளைத்துச் சுவரில் மாட்டியிருந்ததில் குத்தி வைப்பார். துருவின் பழுப்பு ஒவ்வொரு அட்டையின் நடுவிலும் வட்டமாக ஒட்டியிருக்கும். தபால் செலவெல்லாம் அவருடைய தியாகி பென்ஷனில்தான்.

உங்களில் சிலர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று இருக்கிறது. நாம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சாயங்கால டவுன் பஸ் நம் பள்ளி வாசலில் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? கிழக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பொழுதோட அத்தனை தூரம் நடந்தோம். மழைக்காலத்தில் இரண்டு பேர் வீட்டில் படிப்பையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் அழுதுகொண்டு அப்பாரிடம் போனேன், அவர் ஒரு போன் போட்டால் ஆகிவிடும் என்று நினைத்து. "என்ற பேச்சை இப்ப எவன் கேப்பான்? நீங்க எழுதுனாக் கேப்பாங்க" என்று சொல்லி, வகுப்பில் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தினமும் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா இல்லையா, எத்தனை பேர் காத்திருந்தோம் என்று எழுத வேண்டும். நான் டிரைவரைப் பற்றிக் கோபமாக நாலு வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டார். "ஆளைச் சொல்லாதே, நேரத்தைச் சொல்லு. ஆளு மாறிருவான், பஸ்ஸு தினமும் வரோணும்." ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நகல் எழுதினோம். நம் தலைமையாசிரியர் அம்மா முதலில் தயங்கினார்கள், பிறகு அவர்களே முதல் கையெழுத்தைப் போட்டார்கள். பதில் வர வெகுநாள் ஆனது. நினைவூட்டு மனுவும் போட்டோம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது பஸ் நின்றது. அந்த இரண்டு பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள். ஒருத்தி இன்று இதே சங்கத்தில் இருக்கிறாள், பெயர் சொன்னால் கோபிப்பாள்.

அப்பாருக்கு இன்னொரு வேலையும் இருந்தது, வாய்க்கால். பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டத்தை நம் ஊரில் பி.ஏ.பி. என்றுதான் சொல்லுவோம். மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீரை மலைக்குள்ளேயே அணை கட்டித் திருப்பி, சுரங்கம் குடைந்து, காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்த திட்டம். 1961 அக்டோபர் 7-இல் நேரு தொடங்கி வைத்தார். சி.எஸ்., வி.கே. பழனிசாமிக் கவுண்டர், நா. மகாலிங்கம் என்று நம் பக்கத்தார் பலர் பாடுபட்டது. ஆயக்கட்டு பெரிது, தண்ணீர் அந்த அளவுக்கு இல்லை, அதனால் மண்டலம் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். எங்கள் மண்டலத்துக்கு முறை வந்துவிட்டால் அப்பாரு தூங்க மாட்டார். வேப்பங்குச்சியில் கத்தியால் கோடு கீறி வைத்துக்கொண்டு, மடையில் இறங்கி, ஈரம் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுவார். எங்கள் காட்டுக்கு வரும் தண்ணீருக்காக மட்டும் இல்லை. கடைமடைக்காரர் ஒருவர் வந்து, தண்ணீர் எட்டவில்லை என்றால் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு பொறியாளர் ஆபீசுக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ஒரு காலத்தில் அவர் வந்தால் எழுந்து நின்ற ஆபீஸ்கள். நானும் ஒரு முறை கூடப் போயிருக்கிறேன். மதியம்வரை காத்திருந்தோம். எனக்குத்தான் தாங்கவில்லை, அவருக்கு ஒன்றுமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் தென்னைக்கு வண்டு விழுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

1993-இல் பிரதமரைப் பற்றிச் சொன்ன கருத்து செய்தியாகி, சி.எஸ். மகாராஷ்டிர ஆளுநர் பதவியிலிருந்து விலகியபோது, "அவரு வாயை மூடமாட்டாரு" என்று அப்பாரு சந்தோஷமாகவே சொன்னார். 1998-இல் பாரத ரத்னா வந்தபோது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். போனில் கூப்பிட்டால், விருதைப் பற்றி ஒரு வார்த்தை, வாய்க்கால் முறை தள்ளிப்போனதைப் பற்றிப் பத்து நிமிசம். 2000-இல், தொண்ணூறு வயதில், சி.எஸ். விவசாயத்துக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார் என்ற செய்திதான் விருதைவிட அவரை உலுக்கியது. "தொண்ணூறு வயசுல புதுசா ஆரம்பிக்கறாரு பாரு. எனக்கு எண்பத்திரண்டுதான்." அந்த நவம்பர் 7-ஆம் தேதி சி.எஸ். காலமானார். அப்பாரு அன்று திண்ணைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, வழக்கம்போல மனு எழுதினார்கள். எழுதியது என் சித்தப்பா மகள். 2003-இல் அப்பாரும் போய்விட்டார்.

மனு நகல்கள் இருந்த டிரங்குப் பெட்டி சித்தப்பா வீட்டு அட்டாலியில் இருக்கிறது. வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யப்போகிறேன். பஸ் மனுவின் கார்பன் நகலில் கடைசிப் பக்கத்துக் கையெழுத்துகள் மங்கிவிட்டன, பாதிப் பெயர்களைப் படிக்க முடியவில்லை. அந்த வருசம் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்கள், கையெழுத்துப் போட்டது நினைவிருந்தால், மலர்க் குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த நோட்டு யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது.