கேஸ் டார்ச் பற்றவில்லையா? பிரிப்பதற்கு முன் காதைக் கொடுங்கள்

பியூட்டேன் டார்ச் பற்றாமல் போனதும் பலர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார்கள். அவசரம் வேண்டாம். கேஸ் வரவில்லையா, பொறி வரவில்லையா என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாசிலை, அதாவது சுடர் வரும் முனையை, ஆளில்லாத பக்கம் திருப்பி, ட்ரிகரைப் பாதியளவு மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலான டார்ச்சுகளில் முதலில் கேஸ் திறக்கும், கடைசியில்தான் 'டக்' என்று பொறி விழும். அந்த இடைவெளியில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்டால், அறையை இருட்டாக்கி, கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை மைனஸ் பக்கம் முழுதாகத் திருப்பி, ட்ரிகரை முழுக்க அழுத்திப் பாருங்கள். நாசிலுக்குள் இருக்கும் பொறிக் கம்பியின் நுனியிலிருந்து நாசில் விளிம்புக்கு நீலப்பொறி தாவ வேண்டும். இடைவெளி 3 முதல் 4 மி.மீ. போதும். கம்பி வளைந்திருந்தால் இடுக்கியால் மெல்ல நிமிர்த்துங்கள். பொறி பக்கவாட்டில் ஓடினால் கம்பியைச் சுற்றியுள்ள பீங்கான் மேல் கரி படிந்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

இரண்டும் இருந்தும் பற்றவில்லையா? திருகை அதிகம் திறந்திருப்பீர்கள். வேகமாக வரும் கேஸ் தீயைத் தானே ஊதி அணைத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு திறந்தால் போதும். இப்போதுதான் கேஸ் நிரப்பினீர்கள் என்றால் 5 நிமிடம் பொறுங்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கிறது. அதனால் நிரப்பியதில் டேங்க் குளிர்ந்திருந்தால் கேஸை வெளியே தள்ளும் அழுத்தம் குறைந்துவிடும். உள்ளங்கைச் சூடு போதும். அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது.

டேங்க் நிறைந்திருந்தும் சத்தமே இல்லையென்றால், உள்ளே காற்று அடைத்திருக்கலாம். காற்றை வெளியேற்றாமல் மேன்மேலும் நிரப்புவதால் வருவது இது. நெருப்பே இல்லாத திறந்த வெளிக்குப் போங்கள். பியூட்டேன் காற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம், தரையோடு தங்கும். டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்து, அடியிலுள்ள வால்வை மேலே பார்க்க வைத்து, மெல்லிய கம்பியால் சத்தம் நிற்கும்வரை அழுத்துங்கள். பிறகு திருகை மைனஸில் வைத்து, கேஸ் டப்பாவையும் தலைகீழாக்கி, நேர்க்கோட்டில் அழுத்தி நிரப்புங்கள். திரவம் தெறித்தால் நிறுத்திவிடுங்கள். அது தோலில் பட்டால் குளிராலேயே புண்ணாகும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சிக்கல் ஜெட்டில், அதாவது கேஸ் பீய்ச்சி வரும் துளையுள்ள பாகத்தில்தான் இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தச் சின்னத் துளையில் தூசியும், தரம் குறைந்த கேஸிலுள்ள எண்ணெய்ப் பசையும் கரியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். டேங்கைக் காலி செய்துவிட்டு, நாசிலைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஸ்ப்ரே டப்பாவில் அடைத்து விற்கும் காற்றை ஒரு நொடி வீதம் நான்கைந்து தடவை அடியுங்கள். பக்கவாட்டுக் காற்றுத் துளைகளையும் விடாதீர்கள். அவை அடைத்தால்தான் சுடர் மஞ்சளாகத் தளதளக்கும். ஜெட் கழலும் வகையானால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான துளை வட்டப் புள்ளியாகத் தெரியும், அழுக்கு இருந்தால் பிறையாகத் தெரியும். அரை மணி நேரம் ஆல்கஹாலில் ஊறவிட்டு, காற்றடித்து, முழுக்க உலரவிடுங்கள்.

ஜெட் துளையில் ஊசி குத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். கடைக்காரர்களே செய்வதுண்டு, ஆனாலும் தவறுதான். பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் பெரிதானாலும் காற்றும் கேஸும் கலக்கும் அளவு குலைந்துவிடும். அப்புறம் கூரான நீலச் சுடர் திரும்பவே திரும்பாது.

மீண்டும் பற்றவைக்கும் முன் இணைப்புகளிலும் நிரப்பும் வால்விலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், கெட்டிப்பட்டுப் போயிருக்கலாம். அதை மாற்றும்வரை பற்றவைக்காதீர்கள். குமிழ் இல்லையென்றால் துடைத்து உலர்த்தி, கையை நீட்டிப் பிடித்து, குறைந்த கேஸில் பற்றவையுங்கள். இத்தனைக்குப் பிறகும் 'ஸ்ஸ்' சத்தம் வராவிட்டால் உள்வால்வு போய்விட்டது. ஒட்டி மூடப்பட்ட டேங்கை அறுத்துத் திறக்க முயலாமல் புது டார்ச் வாங்கிவிடுங்கள்.