முன் அச்சுக்கு எந்தப் பக்கம் இன்ஜின்?

காம்பாக்ட் சொகுசு ஸ்போர்ட் செடான்களை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, 0–100 கிமீ எத்தனை வினாடி என்றுதான். இந்த வகுப்பில் அந்த எண்ணை வைத்துப் பெரிதாக எதையும் முடிவு செய்ய முடியாது. பிஎம்டபிள்யூ 330ஐ, மெர்சிடிஸ் சி300, ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவின் 280 குதிரைத்திறன் வடிவம் ஆகிய மூன்றிலும் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின், மூன்றிலும் 400 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. 330ஐ 5.8 வினாடி, சி300 6.0 வினாடி. சாலையில் இந்த இடைவெளியை யாராலும் உணர முடியாது.

உணரக்கூடியது, அந்த டார்க் எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கைக்கு வருகிறது என்பது. 330ஐயில் 1,550இலேயே முழுதாக வந்துவிடும். ஜூலியாவில் 2,250 வரை காத்திருக்க வேண்டும். சி300இல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள 48 வோல்ட் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் சிறிது நேரத்துக்கு 200 என்எம் வரை கொடுத்து, டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) விழித்துக்கொள்ளும் வரை ஈடுகட்டுகிறது. லெக்சஸ் ஐஎஸ்350இன் 3.5 லிட்டர் வி6இல் டர்போவே இல்லை. அதன் 380 என்எம் உச்சம் 4,800இல்தான் வரும். அதனால் முந்தும்போது கியர்பாக்ஸ் இரண்டு மூன்று கியர் இறங்கியாக வேண்டும். ஆக்ஸிலரேட்டருக்கு உடனே பதில் சொல்லும் அந்தச் சுகம் டர்போவில் கிடைக்காது என்பதும் உண்மை. சோதனை ஓட்டத்தில் நின்ற இடத்திலிருந்து பாய்ச்சிப் பார்ப்பதைவிட, மணிக்கு 60இல் போய்க்கொண்டிருக்கும்போது பெடலைப் பாதி அழுத்திப் பாருங்கள். தினமும் நீங்கள் கேட்கப்போகும் வேகம் அதுதான்.

என் கணக்கில் இந்தக் கார்களை உண்மையில் பிரிப்பது வேறொன்று: இரு முன்சக்கரங்களின் மையங்களை இணைக்கும் முன் அச்சுக்கு எந்தப் பக்கம் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது என்பது. ஆடி ஏ4இல் இன்ஜினின் பெரும்பகுதி முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. மற்றவற்றில் அது அச்சுக்கு மேலும் பின்னுமாக இருக்கிறது, இழுவை பின்சக்கரத்துக்குப் போகிறது. ஜூலியாவில் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட 50:50; இழுவைத் தண்டு கார்பன் ஃபைபர், ஸ்டீயரிங் விகிதம் 11.8:1, அதாவது ஸ்டீயரிங்கை 11.8 டிகிரி திருப்பினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும். கையைச் சற்றே திருப்பினாலும் மூக்கு திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் நேராக ஓட்டும்போது அதே வேகமான ஸ்டீயரிங் சிலருக்கு அலுப்பூட்டும். ஏ4இல் வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் தள்ளும். ஈரச் சாலையிலும் பனியிலும் ஆடியின் நான்கு சக்கர இழுவையான குவாட்ரோ அதற்கு நன்றாகவே ஈடு செய்கிறது.

தோற்றத்தையும் தீர்மானிப்பது இதே அமைப்புதான். காரின் பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்தின் பின்விளிம்புக்கும் முன்கதவின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஜூலியா, 3 சீரிஸ், சி கிளாஸ் மூன்றிலும் அது நீளம். பானெட்டும் நீண்டு, பயணிகள் அறை பின்னால் தள்ளி உட்கார்ந்தது போலத் தெரியும். ஏ4இல் இடைவெளி குறைவு, சக்கரத்துக்கு முன்னால் நீளும் மூக்கு அதிகம். ஆடியின் வடிவமைப்பாளர்கள் கோடுகளால் அதை அழகாக மறைத்திருக்கிறார்கள், ஆனால் அளவு அளவுதான். கிரில் பற்றி நான் வாதாட மாட்டேன், அது அவரவர் கண்.

மைலேஜில் முதல் விதி: ஒரே சோதனை முறையின் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை எண்ணையும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏவின் எண்ணையும் கலந்தால் முடிவு தப்பாகும். டபிள்யூஎல்டிபிக்கு முன் ஐரோப்பாவில் இருந்த என்இடிசி சோதனையின் எண்கள் நிஜத்தைவிட மிகத் தாராளமானவை. ஈபிஏவின் கூட்டுக் கணக்கில் பின்சக்கர இழுவை 330ஐ கேலனுக்கு 30 மைல், ஜூலியா 27, ஐஎஸ்350 23. மைல் எண்ணை 0.425ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிமீ என்று வரும்: முறையே சுமார் 12.8, 11.5, 9.8. மாடல் ஆண்டுக்கு ஏற்பச் சற்று மாறும்.

சின்ன டர்போ இன்ஜின் சிக்கனமாக இருப்பது மெதுவான ஓட்டத்தில் மட்டுமே. தொடர்ந்து அழுத்தி ஓட்டினால் வெப்பத்தைக் கட்டுப்படுத்த அது கூடுதல் எரிபொருள் தெளிக்க நேரிடும். அப்போது வி6உடனான இடைவெளி சுருங்கும். வேகம் 100இலிருந்து 130 ஆனால் காற்றுத் தடை ஏறக்குறைய 70 சதவீதம் கூடுகிறது. நகர நெரிசலே உங்கள் பாதை என்றால் லெக்சஸ் ஐஎஸ் 300எச் ஹைப்ரிட் இவர்கள் எல்லோரையும் தாண்டும், ஆனால் ஸ்போர்ட் என்ற சொல்லை மறந்துவிட வேண்டும். டாஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பாதீர்கள். டேங்கை பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரே பம்பில், மூன்று டேங்காவது.

வாங்கும்போது பலர் தவறுவது அலாய் வீலில்தான். 330ஐயில் முன்டயர் 225/45 ஆர்18 (225 மிமீ அகலம், அதில் 45 சதவீத உயரத்துக்குப் பக்கச்சுவர், 18 அங்குல ரிம்) என்றால் பக்கச்சுவர் 101 மிமீ. 225/40 ஆர்19க்குப் போனால் 90 மிமீ. வெளிவிட்டம் ஏறக்குறைய மாறாது; குறைவது குழியை வாங்கிக்கொள்ளும் ரப்பர். ரிம் வளைவது, டயரில் புடைப்பு வருவது, குலுக்கல் எல்லாமே அங்கிருந்து வருகின்றன. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயரின் சுவர் ஏற்கெனவே விறைப்பு என்பதால் 19 அங்குலத்தில் அது இன்னும் கடுமை. நான் 18ஐத்தான் சொல்வேன், மிச்சப்படும் பணத்தை, விறைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சஸ்பென்ஷனில் போடலாம்.

முன்னும் பின்னும் வேறு அகலத்தில் டயர் வரும் வடிவங்களில் அவற்றை இடம் மாற்றிப் போட முடியாது. பின்டயர்கள் சீக்கிரம் தேயும். நான்கு சக்கர இழுவைக் கார்களில் ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றுவது ஆபத்து. தேய்மான வேறுபாடு 2–3 மிமீ தாண்டினால் சுற்றளவு மாறி, விசையைப் பிரிக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். பயன்படுத்திய கார் பார்க்கப் போனால், நான்கு டயரிலும் பிராண்டும் பள்ள ஆழமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு ஆழமானியால் அளந்துவிட்டு, அதன் பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.