சின்ன விளம்பர எக்ஸ்சேஞ்சில் இரண்டாவது ஆர்டர் எங்கிருந்து வருகிறது

1996இல் டோனி ஷேயும் சஞ்சய் மதனும் அமெரிக்காவில் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்ச், இணையதளங்கள் ஒன்றுக்கொன்று விளம்பரத்தை மாற்றிக்கொள்ளும் ஓர் அமைப்பு (எக்ஸ்சேஞ்ச்). அதன் கணக்கு மிக எளிது. உங்கள் தளத்தில் மற்றவர்களின் பேனரை (விளம்பரப் படத்தை) இரண்டு முறை காட்டினால், உங்கள் பேனர் வேறொரு தளத்தில் ஒரு முறை வரும். மிச்சமாகும் ஒரு இடம் எக்ஸ்சேஞ்சுக்கு; அதைக் காசுக்கு விற்கலாம். 1998இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. இன்றைக்குச் சின்ன அளவில் எக்ஸ்சேஞ்ச் நடத்த நினைப்பவர்களுக்கும் இந்த இரண்டுக்கு ஒன்று நல்ல தொடக்கம். ஒன்றுக்கு ஒன்று என்று கொடுத்தால் உறுப்பினர்கள் குவிவார்கள், ஆனால் விற்க ஒரு இடம்கூட மிஞ்சாது.

மார்க்கெட்டிங் என்றதும் புது விளம்பரதாரரைப் பிடிப்பதில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். முதல் ஆர்டரை யாரிடமிருந்தும் வாங்கிவிடலாம். தள்ளுபடி கொடுத்தால் போதும். அதே ஆள் இரண்டாவது முறை பணம் கட்டுகிறாரா என்பதில்தான் சின்ன எக்ஸ்சேஞ்சின் ஆயுள் இருக்கிறது. உறுப்பினர் தேர்வு, கிரெடிட் (மற்றவர் பேனரைக் காட்டியதற்கு ஈடாக, தன் பேனர் வேறு தளங்களில் வர உறுப்பினருக்குச் சேரும் கணக்கு), விலை, ரிப்போர்ட் எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தளங்கள். நூறு விதமான தளங்களைச் சேர்ப்பதைவிட, ஒரே துறையைச் சேர்ந்த இருபது தளங்கள் மேல். சமையல், போட்டித் தேர்வு, சினிமா, ஜோதிடம் என்று கலந்து கிடக்கும் இடத்தை 'வாசகர்கள்' என்று பொதுவாகத்தான் விற்க முடியும். அந்தப் போட்டியில் கூகுளை விலையில் ஜெயிக்க வழியே இல்லை. இருபதும் போட்டித் தேர்வுத் தளங்கள் என்றால், பயிற்சி மையக்காரரிடம் பேச உங்களுக்கு ஒரு பேச்சு இருக்கிறது.

சேர்பவர்களுக்கு இலவச கிரெடிட் கொடுப்பதில் கை தாராளமாக இருக்கக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் ஒரு நாளைக்கு மொத்தம் 50,000 இம்ப்ரெஷன் (பேனர் ஒரு முறை காட்டப்பட்டால் ஒரு இம்ப்ரெஷன்) என்று வையுங்கள். அதில் பாதி உறுப்பினர்களுக்குப் போகும். அதாவது ஒரு வாரத்தில் 1,75,000. செலவாகாமல் நிற்கும் கிரெடிட் இதைத் தாண்டிவிட்டால், புதிதாகச் சேர்ந்தவரின் பேனர் வரிசையில் காத்துக் கிடக்கும். ஒரு வாரம் தன் பேனரை எங்கேயும் பார்க்காத உறுப்பினர், பேனர் வருவதற்காகத் தன் தளத்தில் வைத்த உங்கள் நிரலைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். நிலுவை அந்த அளவைத் தொட்டதும் போனஸை நிறுத்துங்கள்.

இனி விலை. இதில்தான் நேர்மை அதிகம் தேவைப்படுகிறது. ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளிக் விகிதம் 0.2 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு இரண்டு கிளிக், ஆக ஒரு கிளிக் 30 ரூபாய். வருபவர்களில் 2 சதவீதம் பேர் வாங்கினால், ஒரு விற்பனைக்கு 50 கிளிக், 1,500 ரூபாய் செலவு. விளம்பரதாரருக்கு ஒரு பொருளில் கிடைக்கும் லாபம் 400 ரூபாய்தான் என்றால் இந்த வியாபாரம் அவருக்கு ஓடாது. இந்தக் கணக்கைப் பணம் வாங்குவதற்கு முன்பே அவர் எதிரில் போட்டுக் காட்டுங்கள். சிலர் போய்விடுவார்கள், அவர்கள் எப்படியும் இரண்டாவது ஆர்டர் தரப்போவதில்லை. பயிற்சி வகுப்பு, வெப் ஹோஸ்டிங், மாதச் சந்தா போன்றவற்றில் ஒரு வாடிக்கையாளர் தரும் லாபம் அதிகம் என்பதால் அங்கே கணக்கு நிற்கும்.

சின்ன எக்ஸ்சேஞ்சுக்கே உரிய இன்னொரு சிக்கல், ஒரே வாசகர்கள் திரும்பத் திரும்ப வருவது. மாதத்துக்கு 20,000 தனி வாசகர்கள்தான் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரே விளம்பரதாரருக்கு 5 லட்சம் இம்ப்ரெஷன் விற்றால் தலைக்கு 25 முறை ஒரே பேனர். பிற்பகுதி இம்ப்ரெஷன்களில் கிளிக் ஏறக்குறைய நின்றுவிடும், சராசரி விகிதம் சரியும், ரிப்போர்ட்டைப் பார்க்கும் விளம்பரதாரர் தளங்களைத்தான் குறை சொல்வார். ஒரு வாசகருக்கு ஒரு நாளில் மூன்று முறை என்று உச்சவரம்பு வையுங்கள். பேனரும் மூன்று நான்கு வடிவமாவது கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் விற்க இடமில்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.

எந்தப் பேனர் நன்றாக வேலை செய்கிறது என்று சோதிக்கும்போது அவசரம் ஆகாது. 0.2 சதவீதத்துக்கும் 0.3 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு பேனருக்கும் சுமார் 40,000 இம்ப்ரெஷன் வேண்டும். 2,000 இம்ப்ரெஷனில் நான்கு கிளிக்கா ஆறு கிளிக்கா என்பதை வைத்துப் பேனரை மாற்றுவது வீண்.

எண்ணுவதிலும் ஒழுங்கு வேண்டும். சர்வர் அனுப்பியதையெல்லாம் இம்ப்ரெஷன் என்று எழுதாதீர்கள். சாதாரண டிஸ்ப்ளே விளம்பரத்தில் பாதிப் பிக்சலாவது தொடர்ந்து ஒரு நொடி திரையில் தெரிந்தால்தான் 'பார்க்கக்கூடியது' என்பது துறை ஒப்புக்கொண்ட அளவுகோல். பக்கத்தின் அடிப்பாகத்தில் இருக்கும் 728×90 பிக்சல் பேனர் இதில் அடிக்கடி தோற்கும். மொபைலில் கட்டுரையின் இரண்டாவது பத்திக்குக் கீழே வைக்கும் 300×250 பெரும்பாலும் தேறும். உறுப்பினர் தளங்களைப் பேனரின் இடத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவது அலுப்பான வேலைதான், ஆனால் இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் வேலை வேறில்லை.

கிரெடிட்டுக்காகப் போலி டிராஃபிக் அனுப்புபவர்கள் கட்டாயம் வருவார்கள். சர்வரின் பதிவேட்டை (லாக்) திறந்து பார்த்தாலே பிடிபடும்: இரவு மூன்று மணிக்குத் திடீரென்று நூற்றுக்கணக்கான பார்வைகள், எல்லாம் ஒரே பிரவுசர் பதிப்பு, ஐ.பி. முகவரிகள் ஏதோ ஒரு டேட்டா சென்டருடையவை, பேனர் தெரிந்த அரை நொடிக்குள் கிளிக். வீட்டு இணைப்பிலோ மொபைலிலோ படிக்கும் மனிதர் இப்படி வருவதில்லை. அந்தக் கிரெடிட்டை ரத்து செய்யுங்கள், காசு கொடுத்த விளம்பரதாரருக்கு அதே அளவு இம்ப்ரெஷனை ஈடு கட்டுங்கள். முக்கியமாக, அவர் கேட்கும் முன்பே நீங்கள் எழுதித் தெரிவியுங்கள். எந்தத் தள்ளுபடியையும்விட அந்த ஒரு மின்னஞ்சல் நம்பிக்கையைச் சம்பாதிக்கும்.

நல்ல டிராஃபிக்காக இருந்தாலும் எண்கள் ஒத்துப்போகாது. உங்கள் ரிப்போர்ட் 1,000 கிளிக் காட்டும், விளம்பரதாரரின் அனலிட்டிக்ஸ் (தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கருவி) 820 வருகை காட்டும். லேண்டிங் பேஜ் (கிளிக் செய்ததும் திறக்கும் பக்கம்) மெதுவாகத் திறந்தால், எண்ணும் ஸ்கிரிப்ட் ஓடுவதற்குள் ஆள் திரும்பிவிடுவார். ஆட் பிளாக்கர் பேனரை விட்டுவிட்டு அனலிட்டிக்ஸை மட்டும் தடுத்திருக்கலாம். ஒருவரே இரண்டு முறை தட்டியிருக்கலாம். உங்கள் சர்வர் யு.டி.சி. (உலகப் பொது) நேரத்திலும் அவருடைய ரிப்போர்ட் இந்திய நேரத்திலும் இருந்தால், ஐந்தரை மணி நேரத்துக் கிளிக் வேறொரு நாளில் போய் உட்காரும். எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ரீடைரக்ட். விளம்பரதாரர் www இல்லாத முகவரியைக் கொடுத்திருப்பார். அவர் தளம் www உள்ள முகவரிக்குத் திருப்பிவிடும்போது கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கும், எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் யு.டி.எம். குறிச்சொற்கள் உதிர்ந்துவிடலாம். அப்போது வந்தவர்கள் 'டைரக்ட்' போன்ற வேறு தலைப்பில் விழுவார்கள், உங்கள் விளம்பரத்தின் பெயரில் பூஜ்யம் நிற்கும். விளம்பரம் ஓடத் தொடங்கும் முன் அந்த லிங்க்கை நீங்களே மொபைலில் ஒரு முறை தட்டி, கடைசியில் முகவரிப் பட்டையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் என்றால் பொதுவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. தாண்டினால் காரணத்தைத் தேடிச் சொல்வது உங்கள் பொறுப்பு.

விற்காமல் மிஞ்சும் இடத்தை, ஏலத்தில் விற்கும் பெரிய எக்ஸ்சேஞ்சுக்கு விடுவதாக இருந்தால், ஒவ்வொரு தளத்தின் வேர் டொமைனிலும் (முதன்மை முகவரியிலும்) ஆட்ஸ்.டெக்ஸ்ட் (ads.txt) கோப்பு இருக்க வேண்டும்; அந்தத் தளத்தின் விளம்பர இடத்தை யாரெல்லாம் விற்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. 2017இல் வந்த இந்த ஏற்பாட்டில் ஒரு வரிக்கு மூன்று விவரம் கட்டாயம்: விற்கும் அமைப்பின் டொமைன், அதில் உள்ள கணக்கு எண், டைரக்ட்டா (தளக்காரரின் சொந்தக் கணக்கு) ரீசெல்லரா (தளத்துக்காக விற்கும் இன்னொருவரின் கணக்கு) என்பது. உங்கள் கணக்கு வழியாகப் போகும் தளங்களுக்கு ரீசெல்லர்தான் பொருந்தும். அங்கே டைரக்ட் என்று எழுதினாலோ கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலோ, பல வாங்குநர்கள் அந்த இடத்துக்கு ஏலமே கேட்க மாட்டார்கள்.

பணம் முன்கூட்டியே வாங்குங்கள். விற்ற பணத்தில் தளங்களுக்கும் பங்கு தருவதாக இருந்து, விளம்பர ஏஜென்சி 60 நாளில் தரும், தளங்களுக்கு நீங்கள் 30 நாளில் தர வேண்டும் என்றால், மாதம் 3 லட்சம் வியாபாரத்தில் தளங்களின் பங்கான 70 சதவீதம், அதாவது 2,10,000 ரூபாய், ஒரு மாதம் முழுக்க உங்கள் கையிலிருந்து போய் நிற்கும். விளம்பரம் வளர வளர அந்தத் தொகையும் வளரும். முன்பணம் தர மறுக்கும் ஏஜென்சிக்கு, தளங்களோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே 'பணம் வந்த பிறகு ஏழு நாளில்' என்று எழுதி, அதைச் சேரும்போதே தளக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.