தேய்மானத்தை அளக்கப் போனேன், எடை கூடியிருந்தது

எம்.டெக். பயோமெடிக்கலில் என் புராஜெக்ட், செயற்கை இடுப்பு மூட்டில் வைக்கும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பது. சிறு துண்டுகளைக் கோபால்ட் குரோம் தட்டில் அழுத்தித் தேய்க்கும் மெஷின். முதல் ஓட்டம் முடிந்து, கழுவி உலர்த்தித் தராசில் வைத்தால் எடை கூடியிருக்கிறது! இரண்டு நாள் தராசைத்தான் திட்டினேன். பாலிஎத்திலீன் திரவத்தை உறிஞ்சும் என்று சீனியர் அக்கா சொன்ன பிறகே புரிந்தது. தேய்க்காமல் சும்மா ஊறவைத்த துண்டு ஒன்று கூடவே வேண்டும்; அதில் ஏறிய எடையை வைத்துக் கணக்கைத் திருத்த வேண்டும்.

அடுத்து தேய்மானம் அநியாயத்துக்குக் குறைவாக வந்தது. குதித்தேன். "உன் மெஷின் நடக்கிறதா, மரம் இழைக்கிறதா?" என்றார் கைடு. ஒரே கோட்டில் தேய்த்தால் மூலக்கூறுச் சங்கிலிகள் அந்தத் திசையிலேயே படிந்து உறுதியாகிவிடும். நடக்கும் இடுப்போ பக்கவாட்டிலும் அசையும், திருகும். அந்தக் குறுக்கு இழுப்பில்தான் பிளாஸ்டிக் பிய்கிறது. தேய்க்கும்போது மசகாகத் தண்ணீர் ஊற்றியதும் தப்பு. கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம்தான் மூட்டு நீருக்குக் கிட்டத்தட்ட ஈடு. (நாறும். லேப் நண்பர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.)

வைவாவுக்கு, செயற்கை இடுப்பு மூட்டின் முன்னோடி மருத்துவர் ஜான் சார்ன்லியின் தோல்வியைப் படித்துவிட்டுப் போங்கள். எக்ஸ்டர்னல் என்னை அதில்தான் பிடித்தார். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் சுமார் 300 பேருக்கு அவர் இடுப்புக் குழியில் டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. 1962இல் லேப் டெக்னீஷியன் ஹாரி கிரேவன், நெசவு இயந்திரப் பாகங்களுக்குப் பயன்பட்ட ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதைப் பெரிதாக மதிக்கவில்லை. கிரேவன் விடாமல் மெஷினில் ஓட்டினார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரு நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. செயற்கை மூட்டில் இன்று வைக்கும் பாலிஎத்திலீனின் தொடக்கம் அதுதான். அந்தச் சோதனை 300 பேருக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது, இல்லையா?

நாள் கணக்கையும் இப்போதே போடுங்கள். நடக்கும் இடுப்பைப் போலவே மூட்டை அசைக்கும் சிமுலேட்டரில் 50 லட்சம் சுற்று, நொடிக்கு ஒன்று என்றால், நிற்காமல் ஓடினாலே 58 நாள். நடுவில் சீரம் மாற்றுவதும் எடை போடுவதும் தனி.

நோயாளிகளிடமிருந்து அகற்றிய பழைய கிண்ணங்களைப் பார்க்க ஆசையென்றால், எதிக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தை முதல் செமஸ்டரிலேயே கொடுத்துவிடுங்கள். எனக்கு அனுமதிக் கடிதம் வந்தது, வைவா முடிந்த எட்டாம் நாள்.