அம்மாவின் மூன்றாவது ஊசியும் பாங்காக் டிக்கெட்டும்

பாங்காக் போவதென்று எங்கள் வீட்டில் முடிவானது 2019 கடைசியில். மலிவு விலையில் டிக்கெட் கிடைத்தது. 2020 மார்ச் பள்ளி விடுமுறைக்கு நான், கணவர், அம்மா, மகள், மகன் என ஐந்து பேருக்கும் போட்டாயிற்று. அந்த விடுமுறையின் நடுவில், மார்ச் 18ஆம் தேதி, கொரோனாவுக்காக மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. விமானமும் கிளம்பவில்லை, பணமும் கைக்குத் திரும்பவில்லை. பதிலுக்கு 'கிரெடிட்' என்று ஒரு தொகையைக் கணக்கில் வைத்துக் காலாவதித் தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதியைத் தள்ளி வைத்தார்கள், பிறகு மறுபடியும் தள்ளி வைத்தார்கள். எனக்கு அது வங்கியில் போட்ட பணம் மாதிரித் தெரியவில்லை. கடனாகக் கொடுத்துவிட்டு நாமே போய்ப் போய்க் கேட்க வேண்டிய பணமாகத்தான் தெரிந்தது.

வீடு பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கம், பிறையில். வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில். அக்கா வீடு கூலிமில். காரில் அரை மணி நேரம், ஆனால் கூலிம் கெடா மாநிலம். மாநிலம் தாண்டத் தடை இருந்தவரை, பாலம் தாண்டித் தீவுக்கு வேலைக்குப் போக முடிந்த என்னால் எதிர்ப்பக்கம் அக்கா வீட்டுக்குப் போக முடியவில்லை. தீபாவளிப் பலகாரத்தைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டோம். இந்த லட்சணத்தில் பாங்காக் பற்றி யார் பேசுவது?

2021 அக்டோபர் 11ஆம் தேதி அந்தத் தடை நீங்கியது. பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டாயிற்று, இனி மாநிலம் தாண்டலாம், வெளிநாடும் போகலாம் என்று அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி முதல் நாள் அறிவித்தார். வெளியே போக மைடிராவல்பாஸ் அனுமதியும் வேண்டாம். என் கணவர் அன்று இரவே, "கிரெடிட் எவ்வளவு இருக்கு, பாரு" என்றார்.

நான் பார்த்தது வேறு. போகலாம் சரி, திரும்பி வந்தால் என்ன? ஊசி முழுதாகப் போட்டவருக்கே ஏழு நாள் தனிமைப்படுத்தல். வீட்டிலேயே இருக்க அனுமதி கிடைத்தாலும் கையில் இளஞ்சிவப்புப் பட்டையோடு அடைந்து கிடக்க வேண்டும். ஐந்து நாள் பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு கேட்டால் எங்கள் மேனேஜர் சிரிப்பார். சிரித்துவிட்டு ஆண்டு முடிவுக் கணக்கு எப்போது முடியும் என்பார்.

அப்போதுதான் ஒரு எக்ஸெல் தாள் திறந்தேன். கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு வேறு என்ன தெரியும்? ஆளுக்கு ஒரு வரிசை. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எப்போது முடிகிறது, எந்த ஊசி, எத்தனை ஊசி, கடைசி ஊசி என்றைக்கு, என்ன பரிசோதனை, எப்போது. வலது ஓரத்தில் இன்னொரு கட்டம்: இன்றைய தேதியில் இந்த ஆள் போய்த் திரும்ப முடியுமா, முடியாதா. அந்தக் கட்டம்தான் எனக்குப் பயணத் திட்டம் என்றால் என்ன என்று காட்டியது. நாலு பேருக்கு 'முடியும்' என்று வந்து ஒருவருக்கு 'முடியாது' என்று வந்தால் ஐந்து பேருக்கும் முடியாது. அரசாங்கங்கள் விதி எழுதியது தனித்தனி ஆளுக்கு. எங்கள் வீட்டிலோ, யாருடைய காகிதம் மோசமோ அவரே எல்லாருக்கும் வேகம் குறிக்கிறார்.

தாய்லாந்து நவம்பரில் 'டெஸ்ட் அண்ட் கோ' என்ற முறையைத் திறந்தது. கேட்க எளிது. செய்ய: 'தாய்லாந்து பாஸ்' என்ற நுழைவு அனுமதிக்கு விண்ணப்பம், கிளம்பும் முன் 72 மணி நேரத்துக்குள் பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனை, குறைந்தது 50,000 அமெரிக்க டாலருக்கு மருத்துவக் காப்புறுதி, முன்பணம் கட்டிய ஹோட்டல், போய் இறங்கியதும் மறுபடி பிசிஆர், முடிவு வரும்வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது. எங்கள் ஐவரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் என்ன ஆகும் என்று கணவர் கேட்டார். அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். அதில் எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சிங்கப்பூர் போகலாமா என்றும் யோசித்தோம். நவம்பர் 29 முதல் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கிக்கும் இடையே 'விடிஎல்' விமானங்கள், அதாவது தடுப்பூசி போட்டவர்களுக்கென்று தனிப் பாதை, தனிமைப்படுத்தல் இல்லை. ஆனால் பினாங்கிலிருந்து நேராக இல்லை, முதலில் கோலாலம்பூர் போக வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒமிக்ரான் வந்தது. டிசம்பர் 23இலிருந்து ஜனவரி 20 வரை விடிஎல் டிக்கெட் விற்பனையை நிறுத்தினார்கள். தாய்லாந்தும் டிசம்பர் 22இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போது, எதைச் சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை.

இனி அம்மா கதை.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. இரண்டு சினோவாக் தடுப்பூசி போட்டிருந்தார். மூன்றாவது வேண்டாம் என்றார். காரணம் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒன்று: முட்டி வலி, பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் காய்ச்சல், வெள்ளிக்கிழமை விரதம். "நான் வீட்டுலயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்பது அவர் கடைசி ஆயுதம். அதைச் சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பாங்காக்குக்கு முதலில் ஆசைப்பட்டதே அவர்தான். சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன தமிழர்கள் கட்டியது, தாய்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள், நம்மைவிட அவர்கள்தான் அதிகம் கும்பிடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 1833இல் எழும்பிய பினாங்கு குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மனைப் பிறந்ததிலிருந்து கும்பிடுபவர், "அவ தங்கச்சியையும் ஒரு தடவை பாத்துட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் அப்போது ஊசிக்குப் பயந்து வீட்டுலயே இருக்கேன் என்றார்.

விஷயம் இதுதான். 60 வயது தாண்டியவர்களும், வயது எதுவானாலும் சினோவாக் போட்ட பெரியவர்களும், 2022 பிப்ரவரி இறுதிக்குள் ஊக்க ஊசி போடாவிட்டால் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர் என்ற தகுதி போய்விடும் என்று சுகாதார அமைச்சு சொன்னது. பிறகு அதை மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். அடுத்து வந்த அறிவிப்பு: ஏப்ரல் 1 முதல் எல்லை திறக்கிறது, முழுமையாகத் தடுப்பூசி போட்டவருக்குத் தனிமைப்படுத்தல் இல்லை. ஆக, எங்கள் எல்லாருக்கும் வாசல் திறக்கும் அதே நாளில் அம்மாவுக்கு மூடும். எக்ஸெல் தாளில் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கி அம்மாவிடம் காட்டினேன். "கலர் நல்லாருக்கு" என்றார்.

அவரை மசிய வைத்தது பாங்காக்கும் இல்லை, மாரியம்மனும் இல்லை. கூலிம் அக்கா போனில், "ம்மா, மைசெஜாத்ராவுல மாறிடுச்சுன்னா கடைல உக்காந்து சாப்பிட விடமாட்டான்" என்றாள். அது உண்மை. மைசெஜாத்ரா என்பது அவரவர் ஊசி நிலையைக் காட்டிய அரசாங்கச் செயலி. ஊசி முழுமையாக இல்லாதவர் உணவகத்தில் அமர்ந்து சாப்பிட முடியாத காலம் அது. அம்மா ஞாயிறு காலையில் பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் தோசை சாப்பிடுவார், தன் மூலை மேசையில். பொட்டலம் கட்டி வாங்கி வந்தால் தொடமாட்டார். அந்த வாரமே, "கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து கூட்டிட்டுப் போ" என்றார்.

மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி பிப்ரவரி தொடக்கத்தில்தான் வந்தது, இரண்டு ஊசிக்கும் இடையில் எட்டு வாரம். அம்மாவிடம் பட்டன் போன், மகனிடம் போனே இல்லை. இருவரையும் என் மைசெஜாத்ராவில் 'சார்ந்தோர்' என்று சேர்த்து வைத்திருந்தேன். கடையில் நுழையும்போது மூன்று தலைமுறையும் என் கைப்பேசிக்குள் இருந்தது. பேட்டரி தீர்ந்திருந்தால் மூன்று பேரும் வாசலில் நின்றிருக்க வேண்டும்.

பெயர் பிரச்சினையையும் சொல்லியாக வேண்டும். மலேசியத் தமிழர்களான நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் நடுவே 'ஏ/பி' (மகள்) அல்லது 'ஏ/எல்' (மகன்) என்று ஒரு சாய்கோட்டோடு அப்பா பெயர் வரும். டிக்கெட்டில் சாய்கோடு காணாமல் போகும். இணையப் படிவம் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று நிற்கும். என் வழி இது: எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி, கடப்பிதழில் உள்ள வரிசையில், சாய்கோடு மட்டும் இல்லாமல். காப்புறுதி, டிக்கெட் இரண்டிலும் (அப்போது பாஸிலும்) எழுத்து எழுத்தாக ஒன்றாக இருக்கட்டும். முகவர் யாராவது "அது பரவாயில்லக்கா" என்று சொன்னாலும் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எந்த விதி நமக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வது டிக்கெட் வாங்கிய நாள் இல்லை, போய் இறங்கும் நாள். இது புரியாமல் பலர் பழைய விதியைப் படித்துவிட்டு மனம் உடைந்து போனார்கள். 2022 பிப்ரவரியில் தாய்லாந்து போனவருக்கு முதல் நாள் ஒரு பிசிஆர், ஐந்தாம் நாள் இன்னொன்று. மார்ச்சில் ஐந்தாம் நாள் சோதனையை நாமே செய்துகொள்ளலாம் என்றார்கள், காப்புறுதித் தொகையும் 20,000 டாலராக இறங்கியது. ஏப்ரலில் கிளம்பும் முன் எடுக்கும் பிசிஆர் போயிற்று. மே 1 முதல் ஊசி போட்டவருக்குப் பரிசோதனையே இல்லை, காப்புறுதி 10,000 டாலர் போதும், பாஸ் மட்டும் வேண்டும் என்றார்கள். அதே மே 1 முதல் நம் நாட்டுக்குத் திரும்பும்போதும் ஊசி முழுமையாகப் போட்டவருக்குச் சோதனை இல்லை என்றானது. மைசெஜாத்ராவில் பயணிகள் படிவத்தை நிரப்பினால் போதும் என்றிருந்தது.

ஒவ்வொரு தளர்வுக்கும் என் தாளில் ஒரு நெடுவரிசை அழிந்தது. ஐந்து பேருக்குப் போகும்போதும் வரும்போதும் பிசிஆர் என்று போட்டிருந்த தொகை, ஒரு கட்டத்தில் டிக்கெட் விலையையே தாண்டியிருந்தது. அதை அழித்த அன்று மகளிடம் ஹோட்டலை நீயே தேடு என்று சொல்லிவிட்டேன். நீச்சல் குளம் இருந்தால் போதும் அவளுக்கு.

2022 ஜூன் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் போட்டாயிற்று. கிரெடிட் பாதிதான் ஈடு கொடுத்தது. விலை 2019இல் பார்த்த விலை இல்லை. "இன்னும் கொஞ்சம் பொறுத்தா அந்த பாஸையும் எடுத்துடுவான்" என்றார் கணவர். எடுக்கலாம்தான். ஆனால் பள்ளி விடுமுறை அதற்காகக் காத்திருக்காது, கிரெடிட்டும் காத்திருக்காது.

அம்மா வயதுக்குக் காப்புறுதி தேடுவதுதான் கொஞ்சம் இழுத்தது, அதுவும் கிடைத்தது. பெரியவர்களுக்குத் தனித்தனியாக தாய்லாந்து பாஸ் விண்ணப்பித்தேன். அம்மாவுடையது முதலில் வந்தது, அடுத்து என்னுடையது. எல்லாக் காகிதமும் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்த என் கணவருடையது மட்டும் 'பரிசீலனையில்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அம்மா அவரிடம், "வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.